வால் தாண்டும் வரை

அந்தக் கூட்டத்தில் அவளுக்கு வால் என்று பெயர். கேட்கிறவர்களுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். அறுபதைத் தாண்டிய பெண்மணியை, பேரப்பிள்ளை எடுத்தவளை, எல்லாரும் கூடி வாலக்கா என்று கூப்பிட்டால் வீட்டு மனிதர்கள் சண்டைக்கு வரமாட்டார்களா? அவளுக்கோ அதில் கோபமே இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்த்த காலமெல்லாம் அவளை 'ஏம்மா, இங்க வாம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். வால் என்றாலும் ஒரு பதவி அல்லவா? பதவி உயர்வு கிடைத்த மாதிரி சிரித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழடுகள் கொஞ்சம் பேர் சேர்ந்து, வருஷத்துக்கு ஒரு தடவை, வெயில் தணிந்த நாட்களாகப் பார்த்து ஊர் ஊராகச் சைக்கிளில் போவார்கள். பெட்டி படுக்கை, தண்ணீர், மருந்து, மாற்று டியூப் எல்லாம் ஒரு வேனில் வரும். முடியாதவர் கையைத் தூக்கினால் வேன் நிற்கும். ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும். முன்னால் போகிறவர் தலை. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். இன்னும் கழுத்தில் விசில் தொங்குகிறது. குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது அவர் சம்சாரத்துக்குத்தான் தெரியும். கடைசியில் வருகிறவள் வால். அவள் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கொடி. தலையை யாரும் முந்தக்கூடாது, வாலுக்குப் பின்னால் யாரும் தங்கக்கூடாது. இடையில் அவரவர் பாடு.

வழி தவறாமல் இருக்க ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். பாதை திரும்பும் இடம் வந்தால் மாஸ்டர் விரலை நீட்டுவார். அந்த நேரத்தில் அவருக்கு அடுத்தாற்போல் யார் வருகிறாரோ அவர் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். அவர்தான் அந்தத் திருப்பத்துக்குக் கம்பம். வருகிறவர்களுக்கெல்லாம் கையை நீட்டி வழி காட்டுவார். வாலைப் பார்த்ததும், "பின்னால யாராவது?" என்று கேட்பார். "யாருமில்ல, நான்தான் கடைசி" என்று வால் சொல்லிவிட்டுத் தாண்ட வேண்டும். அதற்கப்புறம்தான் கம்பத்துக்கு விடுதலை.

நம்முடைய வாலின் புருஷனுக்கு இந்தக் கம்பம் வேலையென்றால் உயிர். பாக்கிப் பேரெல்லாம் திருப்பம் வரும்போது மாஸ்டருக்குப் பின்னால் மாட்டாமல் நழுவப் பார்ப்பார்கள். இவர் வேண்டுமென்றே போய் ஒட்டிக்கொள்வார். ரயில்வே கேட்டில் கேட்கீப்பராக இருந்த மனிதர் வேறு எப்படி இருப்பார்? எஞ்சின் போனால் ரயில் போனதாக அர்த்தமில்லை. கடைசிப் பெட்டியின் முதுகில் உள்ள அடையாளத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். அது தாண்டாமல் கேட்டைத் திறந்தால், பாதி ரயில் கழன்று பின்னால் நின்றாலும் நிற்கும், உருண்டு வந்தாலும் வரும். கார்க்காரன் ஹாரன் அடித்தாலும், ஆபீசர் அவசரம் என்று கத்தினாலும், வாலைப் பார்க்காமல் அவர் கேட்டைத் தூக்கியதில்லை. கூட்டத்தில் எல்லாரும் அவரைக் கேட்காரர் என்றே கூப்பிட்டார்கள். வீட்டிலும் அவர் கேட்காரர்தான் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். அதில் சிரிப்பு இருக்காது.

இரண்டு பேரும் நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர்கள். அவருக்கு ஷிப்டு, இவளுக்கு ஷிப்டு. இவள் சலவை முடித்து வரும்போது தலைமுடி, புருவமெல்லாம் விரிப்புகளின் பஞ்சுத்தூசு ஒட்டியிருக்கும். கை கஞ்சிப் பசையும் சோப்பும் நாறும். அவர் கேட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். 'சாப்பாடு மூடியிருக்கு' என்பார். அவ்வளவுதான் பேச்சு. அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று வயிற்றைக் கிழித்த அன்றைக்கு மாற்று ஆள் வரவில்லை என்று அவர் கேட்டிலேயே நின்றுவிட்டார். தான் துவைத்த விரிப்பிலேயே தான் படுத்துக்கொண்டு அவள் வார்டு வாசலைப் பார்த்தபடி கிடந்தாள். மறுநாள் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார், ஆரஞ்சுப் பழத்தை வைத்தார், போனார். அந்தப் பழத்தை அவள் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்துவிட்டாள். ஊரில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் நிற்கிற மனுஷன், எனக்காக ஒரு நாள் நின்றதில்லையே என்கிற வயிற்றெரிச்சல் அன்றைக்கு உள்ளே விழுந்தது. தையலைப் பிரித்த பிறகும் அது பிரியவில்லை.

இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகாவது ஏதாவது பேசுவார் என்று பார்த்தாள். அவர் காலையில் எழுந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். தெருவில் எதையோ அனுப்பிவைக்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருப்பார். குழாய் சொட்டுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். சைக்கிள் கூட்டத்தில் சேரலாமா என்று அவள்தான் கேட்டாள். சரி என்றார். அதிலும் அவர் முதலில் போனார், இவள் கடைசியில் வந்தாள்.

இந்தத் தடவை அவள் ஒரு முடிவோடு வந்திருந்தாள். தங்கச்சி வீட்டு மாடியறை காலியாக இருந்தது. தங்கச்சி புருஷனை இழந்தவள். 'வாக்கா, ரெண்டு பேரும் பேசிக்கிட்டாவது கிடப்போம்' என்று ஆறு மாசமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். இன்று இரவு கூட்டம் தங்கும் ஊர் தங்கச்சி வீட்டுக்கு எட்டும் தூரம்தான். சாயங்காலம் அவள் காரோடு வந்துவிடுவாள். நாளைக்குக் கூட்டம் மேலே போகும்போது இவள் கூடப் போகப்போவதில்லை. துணிமணியெல்லாம் ஒரு தனிப் பையில் கட்டி வேனில் மேலாக வைத்தாயிற்று. புருஷனிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

அன்றைக்குக் காலையில் பனி இறங்கியிருந்தது. நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போகிற பாதை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வரிசையாகப் பஞ்சு மரங்கள். காய் வெடித்துப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. முன்னால் போகிறவர்கள் ஒவ்வொருவராக வெள்ளைக்குள் போய்க் கரைந்தார்கள். பேச்சுக்குரல் மட்டும் மிதந்து வந்தது. யாரோ முட்டிக்குத் தடவும் தைலத்தைப் பற்றிச் சொல்ல, யாரோ சிரித்தார்கள். பிறகு அதுவும் இல்லை. அவளுடைய செயின் ஓடுகிற சத்தம்தான். உலகத்தில் எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள், கதவைச் சாத்திவிட்டு வரச் சொல்லித் தன்னை மட்டும் விட்டுப் போயிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பயமாக இல்லை. சலவைப் பிரிவின் நீராவிக்குள் நடக்கிற சுகம் அதில் இருந்தது.

தேநீருக்கு நிறுத்தின இடத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். எல்லாரும் கரைச்சுவரில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றுகொண்டிருந்தார்கள். வேன்காரர் பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவள் முட்டையை உரித்து, காகிதத்திலிருந்த உப்பைத் தொட்டுப் புருஷனிடம் நீட்டினாள். இந்தாங்க, ஒரு விஷயம் என்று ஆரம்பித்தாள். அவர் முட்டையை வாயில் போட்டுக்கொண்டே அவள் சைக்கிளைப் பார்த்தார். "கொடி தளர்ந்திருக்கு" என்றார். எழுந்து போய், பழைய முடிச்சை அவிழ்த்து, சிக்னல் கம்பிக்குப் போடுகிற மாதிரி ஒரு முடிச்சு போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குள் மாஸ்டர் விசில் ஊதிவிட்டார். இவர் மாஸ்டருக்குப் பின்னால் ஓடிப்போனார். போங்க போங்க, உங்களுக்குக் கம்பம்தான் பெரிசு என்று அவள் ரொட்டித் துணுக்கை மீனுக்கு எறிந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் வலது முட்டி வேலையைக் காட்டியது. ஒவ்வொரு பெடலுக்கும் உள்ளே யாரோ ஆணி அடித்தார்கள். சாயங்காலம் சொல்லவேண்டியது வேறு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கிவிட்டாள். வேன் நின்றது. வேன்காரர் முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவர். அவர் வண்டியில் ஏறினால் குழி எது, மேடு எது என்று தெரியாது. ஏறினவர் தூங்கிப்போவது நிச்சயம். சைக்கிளைத் தூக்கிப் பின்னால் கொக்கியில் மாட்டினார். அவள் முன்சீட்டில் சாய்ந்தாள்.

இங்கேதான் பிசகு நடந்தது. வால் வேனில் ஏறினால் கொடியைத் தனக்கு முன்னால் போகிறவரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அது சட்டம். அவள் அதை மறந்தே போனாள். புத்தி முழுக்கத் தங்கச்சி வீட்டு மாடியில் இருந்தது. முடிச்சு போட்ட கொடி சைக்கிளோடு சேர்ந்து வேனின் முதுகில் ஏறிக்கொண்டது. வேன்காரருக்கும் அது கண்ணில் படவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய பாலம். சைக்கிளும் நடையும்தான் போகலாம், வண்டி போகாமல் குறுக்கே இரும்புத் தூண் நட்டிருக்கிறார்கள். அதனால் வேன் பாதியிலேயே பிரிந்து சுற்றுப்பாதையில் போனது. ஜன்னலுக்கு வெளியே பஞ்சு பறந்தது. அவள் தூங்கிவிட்டாள்.

தங்கிய இடம் ஒரு காலத்தில் நூல் ஆலைப் பெண்கள் இருந்த விடுதி. நீளமான தாழ்வாரம், வரிசையாக இரும்புக் கட்டில்கள். வேன்காரர் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். முட்டிக்கு வைத்துக்கொண்டு விட்ட தூக்கத்தைத் தொடர்ந்தாள். கனவில் விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போனால் கடைசி விரிப்புக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள், முகம் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது சுவரில் வெயில் மஞ்சளாகி மேலே ஏறியிருந்தது. கீழேயிருந்து சூப்பு வாசனை வந்தது. தங்கச்சி கிளம்பிவிட்டதாகப் போனில் செய்தி வந்திருந்தது.

சரி, சொல்லித் தொலைத்துவிடுவோம் என்று இறங்கி வந்தாள். சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் குளித்துத் தலைவாரி உட்கார்ந்திருந்தார்கள். அவரைக் காணோம். எங்கே என்று கேட்டாள். ரூமில் உங்களோடு இருக்கிறார் என்றல்லவா நினைத்தோம் என்றார்கள். அவளுக்குப் பகீரென்றது. அவர் போன் எங்கே என்றாள். போன்களையெல்லாம் சார்ஜ் போட வேனில் ஒரு பெட்டியில் போட்டு வைப்பது வழக்கம்; அவருடையதும் அதில்தான் கிடந்தது. அவர் எந்தத் திருப்பத்தில் நின்றார் என்று மாஸ்டரிடம் கேட்டாள். பாலத்துக்கு முந்தின திருப்பம், பம்ப் ஹவுஸ் பக்கத்தில் என்றார் மாஸ்டர். கடைசியாக வந்து சேர்ந்தவர் ஒரு பல் டாக்டர். பாலத்துக்கு இப்பால் கம்பமாக நின்றவர்கள், விடுதி பக்கம்தானே என்று வாலைப் பார்க்காமலே அவரோடு கிளம்பி வந்திருந்தார்கள். ஆமாம், கையைக் காட்டினார், வந்துவிட்டேன், பின்னால் நீங்கள் வருகிறீர்கள் என்றுதான்... என்று டாக்டர் இழுத்தார். கரண்டி வைத்த கைகள் அப்படியே நின்றன.

அவள் வாசலுக்கு வந்து பார்த்தாள். வேனின் முதுகில் அவள் சைக்கிள் தொங்கியது. கொடி காற்றில் ஆடியது.

மாஸ்டர் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு, இவ்வளவு நேரமாகியும் அங்கேயா நிற்பார், நடுவில் எங்காவது டீ குடிக்கப் போயிருப்பார் என்றார். அவர் நிற்பார். மழை பெய்தாலும், இருட்டிப்போனாலும், வால் தாண்டாமல் அந்த மனுஷன் நகரமாட்டார். இந்த உலகத்தில் அவளுக்கு ஐயமில்லாமல் தெரிந்த ஒரே சங்கதி அதுதான். வேன்காரரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சுற்றுப்பாதையில் போய், பாதை பிரிந்த இடத்துக்கு வந்து, நீர்த்தேக்கத்தை ஒட்டித் திரும்பினார்கள். பம்ப் ஹவுஸ் கூரை தெரிந்ததும் நிறுத்தச் சொன்னாள். சைக்கிளை இறக்கச் சொன்னாள். வேன்காரர் அவள் முட்டியைப் பார்த்தார்.

"வேன்லயே போய் ஏத்திக்கிட்டு வந்துடலாம்க்கா. எதுக்கு இந்த வேலை?"

"வேனைப் பார்த்தா அவர் ஏற மாட்டார். நான் தாண்டணும். நீங்க சுத்திப் போங்க, நாங்க பாலத்து வழியா வந்துடறோம்."

ஆம்புலன்ஸ் ஓட்டியவருக்கு எப்போது வாதாடக்கூடாது என்று தெரியும். இறக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

தண்ணீர் செம்மையாகக் கிடந்தது. பனி மறுபடியும் எழும்பிக்கொண்டிருந்தது. அவள் முட்டியைக் கெஞ்சிக்கொண்டே மிதித்தாள். திருப்பத்தில் ஏதோ வெள்ளையாக நின்றது. கல்லோ என்று பார்த்தாள். கிட்டே போகப் போக அது அவர்தான். தலையில், தோளில், புருவத்தில், காதுமடலில் எல்லாம் பஞ்சு படிந்திருந்தது. கொடியைக் கண்டதும் நிமிர்ந்தார். இடது கையை நீட்டிப் பாலத்துப் பக்கம் காட்டினார்.

"பின்னால யாராவது?" என்றார்.

அவள் பிரேக்கைப் பிடித்து இறங்கினாள். "யாருமில்ல, நான்தான் கடைசி."

அவர் கையை இறக்கினார். மரத்துப்போன கை, ஒரேயடியாக இறங்கவில்லை. பம்ப் ஹவுஸ் படியில் உட்கார்ந்தார். அவளும் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. படி லேசாக அதிர்ந்தது.

"முட்டி வலிச்சுது. வேன்ல ஏறிட்டேன். கொடியைக் கொடுக்க மறந்துட்டேன்."

"ம்."

"திட்டுங்களேன்."

"திட்டி என்ன ஆகப்போகுது? வந்துட்டல்ல."

"எல்லாரும் போயாச்சுன்னு தெரியுதில்ல? கிளம்பி வரவேண்டியதுதானே?"

"நீ தாண்டலையே."

"நான் வராமலே போயிருந்தா?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். "உன் தங்கச்சி கூட்டிட்டுப் போயிட்டாளோன்னு ஒரு நெனப்பு வந்துச்சு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு யார் சொன்னா?"

"அவதான். போன் பண்ணினா. மாமா, அக்காவைத் தடுக்காதீங்கன்னா. தடுக்கலம்மான்னு சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க!"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். "இருந்தீங்க. இருந்துக்கிட்டே இருங்க. அன்னைக்கு வயித்தைக் கிழிச்சுப் போட்டிருக்கு, நான் வாசலையே பார்த்துக்கிட்டுக் கெடக்கறேன். நீங்க அங்க நின்னுக்கிட்டு இருந்தீங்க."

"மாத்து ஆள் வரல."

"இன்னும் அதையே சொல்லுங்க."

பஞ்சு ஒன்று இறங்கி அவர் முழங்காலில் உட்கார்ந்தது. "கேட்டை விட்டு வந்திருக்க முடியாது" என்றார். "ஆனா மறுநாள் வந்தேன்ல, அப்ப உன் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்சம் உக்காந்திருக்கலாம். வரும்போது வழியெல்லாம் என்ன சொல்லணும்னு சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன். உன் மூஞ்சியைப் பார்த்ததும் ஒண்ணும் வரல. பழத்தை வெச்சுட்டு ஓடிட்டேன்."

அவள் அந்தப் பழத்தைச் சாப்பிடவில்லை என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டாள். வேறொன்று கேட்டாள். அதைத்தான் கேட்கவேண்டியிருந்தது.

"இன்னைக்கு வேற யாராவது வாலா இருந்தாலும் இப்படி நின்னிருப்பீங்கதானே?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். யோசித்தார். "நின்னிருப்பேன்" என்றார்.

தெரியும் என்பது போல் அவள் தலையை ஆட்டினாள்.

"ஆனா பயந்திருக்க மாட்டேன்" என்றார் அவர். "தூரத்துல எது அசைஞ்சாலும் நீதான்னு நெனச்சேன். மாடு வந்தாலும் நீ, செடி ஆடினாலும் நீ. இத்தனை வருஷத்துல எத்தனை ரயில் அனுப்பியிருப்பேன், ஒரு நாள் இப்படி நெஞ்சு அடிச்சுக்கிட்டதில்ல. நீ போறதானா போ. சொல்லிட்டுப் போ. என்னைத் தாண்டிப் போ. எங்க போனேன்னு தெரியாம என்னால நிக்க முடியாது."

அவர் அழவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டார், பஞ்சு மீசையில் ஒட்டிக்கொண்டது. அவள் கையை நீட்டி அதை எடுத்தாள். பிறகு புருவத்திலிருந்ததை, காதிலிருந்ததை, சட்டைக் காலரில் இருந்ததை. சலவைப் பிரிவுக்காரிக்கு அது கை வந்த வேலை. இரண்டு பேருக்கும் பேச எதுவும் இருக்கவில்லை. ஆனால் வீட்டில் இருக்கிற அந்த மௌனம் அல்ல இது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

எழுந்தபோது அவள் முட்டி மளுக்கென்றது. அவர் பார்த்துவிட்டார். அவள் சைக்கிளுக்குப் பின்னால் குந்தி, தான் போட்ட முடிச்சைத் தானே பல்லால் கடித்து அவிழ்த்தார். கொடியைத் தன் சைக்கிளில் கட்டினார்.

"நீ முன்னால போ. மெதுவாப் போ. இன்னைக்கு நான் வால்."

அவள் வாழ்க்கையில் முன்னால் போய்ப் பழக்கமில்லை. பாலத்தின் மேல் பனி முழுக்க ஏறியிருந்தது, பலகைகள் கடகடவென்றன. அடியில் தண்ணீர் இருக்கிறதா, ஆகாயம் இருக்கிறதா என்று தெரியவில்லை. பின்னால் அவருடைய செயின் கிரீச்சென்று ஒரு சுற்றுக்கு ஒரு தரம் அழுதது. எண்ணெய் போடச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அந்தச் சத்தம் கொஞ்சம் பின்தங்கினால் இவள் கால் தானாக மெதுவானது. நெருங்கி வந்தால் மறுபடி மிதித்தாள். ஒருவர் பின்னால் வருகிறார் என்பதற்கு இப்படி ஒரு ருசி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

விடுதிக்குப் போகிற சந்தில் கடைசித் திருப்பம். அங்கே கம்பம் யாருமில்லை. எல்லாரும் எப்போதோ சாப்பிடப் போய்விட்டார்கள். விடுதி வாசலில் விளக்கு எரிந்தது. தங்கச்சியின் கார் நின்றது. தங்கச்சி இவளைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினாள். இவள் சந்து முனையில் இறங்கினாள். முட்டி வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். விடுதிப் பக்கம் கையை நீட்டினாள்.

தங்கச்சி ஓடி வந்தாள். "என்னக்கா இங்க நிக்கிற? பையை எடுத்து வண்டில வெச்சிடவா?"

"வேன்லயே இருக்கட்டும்."

"அப்ப நீ வரலையா?"

"பின்னால ஆள் வருது, இரு. கம்பத்துகிட்டப் பேசக்கூடாது."

தங்கச்சி, அக்கா பார்க்கிற பக்கமே திரும்பிப் பார்த்தாள். பனிக்குள்ளிருந்து கிரீச், கிரீச் என்று வந்தது. பிறகு சிவப்பாக ஒரு துணி. பிறகு அவர். அவள் நிற்பதைப் பார்த்ததும் மிதிப்பதையே மறந்துவிட்டார். சைக்கிள் தானாக உருண்டு கிட்டே வந்தது.

"பின்னால யாராவது?" என்று அவள் கேட்டாள்.

அவர் எதையும் பார்க்காமல் சொல்கிறவர் இல்லை. ஒரு காலை ஊன்றி நின்று, திரும்பி, வந்த பாதை முழுவதையும் நன்றாகப் பார்த்தார்.

"யாருமில்ல" என்றார். "நான்தான் கடைசி."

அதற்கப்புறம்தான் அவள் கையை இறக்கினாள்.